சேசி வாங்கிப் பாடி கட்டும் சீமையில் ஒரு கணினிக் கேள்வி

நாமக்கல் பக்கம் லாரி வாங்குகிறவர் வெகுகாலம் வரை முழு லாரியை வாங்கியதில்லை. ஓசூரிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ வெறும் சேசி வரும். கேபின்கூட இல்லாத அந்தச் சேசியில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டி வரும் டிரைவர்களைச் சிறுவயதில் எங்கள் ஊரான வாழப்பாடி வழியாகப் போகும் சாலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். பட்டறைக்குப் போன பிறகுதான் அது லாரி ஆகும். முட்டை ஏற்றுகிறவருக்கு ஒரு மாதிரி பாடி, மரவள்ளிக் கிழங்கு ஏற்றுகிறவருக்கு வேறு மாதிரி, கேஸ் டேங்கர் விடுகிறவருக்கு இன்னொரு மாதிரி. திருச்செங்கோட்டுக்காரர்கள் லாரியின் மேல் துளைபோடும் இயந்திரத்தை ஏற்றி ரிக் வண்டியாக்கி, இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போடப் போனார்கள்.

ஆனால் எந்தப் பட்டறையும் எஞ்சின் செய்வதில்லை. சொந்தமாகக் கணினி கட்டுவது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. ப்ராசசரையோ மெமரி சில்லையோ வீட்டில் யாரும் செய்ய முடியாது. அவை உலகில் சில ஆலைகளில் மட்டுமே பிறப்பவை. எதன்மேல் எதைப் பொருத்துவது, எந்தச் சுமைக்குப் பொருத்துவது என்ற தீர்மானம் மட்டும் நம்முடையது.

சென்ற ஆண்டு என் அண்ணன் மகள் கல்யாண வீடியோ எடிட்டிங் தொழில் தொடங்க நினைத்தாள். "சித்தப்பா, அசெம்பிள் பண்ணிக்கிறதா, கம்பெனி செட்டாவே வாங்கிடறதா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்று கேட்டாள். அவளுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊரில் டிடிபி கடை, ஜவ்வரிசி ஆலை அலுவலகம், மருந்துக்கடை, பள்ளிக்கூடம் என்று பல இடங்களில் இந்தக் கேள்விக்கு வந்த பதில்களையும், பிறகு அவை என்ன ஆயின என்பதையும் பார்த்தவன் நான். அதை முழுதாக எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

கேள்வி பழையது. இந்தியாவில் கணினி கால்வைத்த நாளிலேயே இது எழுந்துவிட்டது. 1955இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பிரிட்டனிலிருந்து எச்.இ.சி.-2எம் என்ற இயந்திரத்தை வாங்கி நிறுவியது. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் தாங்களே ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன். 1960இல் அது முழுமையாக ஓடத் தொடங்கியது. பின்னர் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் வைத்தார். டிஃப்ராக் தயாரானபோது வெளிநாட்டுச் சந்தையில் அதைவிட வேகமானவை வந்துவிட்டன. ஆனாலும் அதைக் கட்டியவர்களிடம் ஓர் அறிவு தங்கியது. 1980களின் பிற்பாதியில் அமெரிக்கா சக்திவாய்ந்த கிரே கணினியைத் தர மறுத்தபோது, 1988இல் சி-டாக் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டு 1991இல் பரம் 8000 வந்தது. எங்கோ கிடைக்கும் நூற்றுக்கணக்கான ப்ராசசர்களை வாங்கி ஒன்றாகப் பிணைத்து ஓடவைத்த இயந்திரம் அது. அதுவும் ஒரு வகையில் சேசி வாங்கிப் பாடி கட்டிய வேலைதான்.

மேசைக் கணினியைப் பொறுத்தவரை கதவைத் திறந்துவிட்டது 1981 ஆகஸ்டில் வந்த ஐ.பி.எம். பி.சி. அவசரமாகச் செய்ய வேண்டியிருந்ததால் அந்த நிறுவனம் கடையில் கிடைக்கும் உதிரிகளையே போட்டது. உள் அமைப்பையும் வெளியிட்டது. சொந்தமாக வைத்துக்கொண்டது பயாஸ் என்னும் சிறு நிரலை மட்டுமே. அதற்கு நிகரான ஒன்றைக் காம்பேக் நிறுவனம் சட்டப்படி எழுதிக்கொண்டதும், யார் வேண்டுமானாலும் அதே மாதிரி கணினி செய்யலாம் என்றாயிற்று. 1984இல் டெக்சாஸ் பல்கலைக்கழக விடுதி அறையில் மைக்கேல் டெல் என்ற மாணவர் கணினிகளைப் பிரித்து மாட்டி விற்கத் தொடங்கினார். 2007இல் அவர் தொடங்கிய டெல் நிறுவனத்தின் ஆலை நம் ஸ்ரீபெரும்புதூருக்கே வந்தது. இன்று 'கம்பெனி செட்' என்று நாம் மரியாதையாகச் சொல்வதும் தொடக்கத்தில் ஒருவர் அறையில் அசெம்பிள் செய்ததே. இரண்டுக்கும் இடையில் சாதி வேற்றுமை எதுவும் இல்லை.

நம் ஊர்களுக்கு அசெம்பிள்ட் கணினி வந்தது வரியின் வழியாக. 1976இல் திருச்செந்தூர்ப் பக்கத்து மனிதரான சிவ நாடார் நண்பர்களோடு எச்.சி.எல். தொடங்கிய காலத்திலும், 1984இல் ராஜீவ் காந்தி அரசு புதிய கணினிக் கொள்கை கொண்டுவந்த காலத்திலும் முழுக் கணினி சாதாரண வீட்டுக்கு எட்டாத பொருள். ரேடியோ உதிரிகளுக்குப் பேர்போன சென்னை ரிச்சி தெருவில் 1990களில் கணினி உதிரிகள் குவிந்தன. சேலத்துக் கடைக்காரர்கள் அங்கே போய்ப் பையில் ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் வாங்கிவந்து, இங்கே கேபினெட்டில் மாட்டித் தந்தார்கள். 1997இல் இந்தியா தகவல் தொழில்நுட்பப் பொருட்களுக்கான உலக ஒப்பந்தத்தில் சேர்ந்து, 2005க்குள் கணினிப் பொருட்கள் பெரும்பாலானவற்றின் சுங்கவரியைப் படிப்படியாக நீக்கியது. அதே 2005இல் எச்.சி.எல். பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு கணினியைச் சந்தையில் விட்டது. 2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியதும், வாழப்பாடி வீடுகள் பலவற்றில் முதல் கணினியே ரெடிமேடாக, அதுவும் பள்ளிப் பிள்ளையின் பையில் வந்து சேர்ந்தது.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'அசெம்பிள் பண்ணினால் மலிவு' என்ற நம்பிக்கை 1990களில் பிறந்தது. அன்றைக்கு அது உண்மை. இன்று கணக்கு எழுதவும் டைப் அடிக்கவும் போதுமான ஒரு சாதாரணக் கணினிக்கு அது பொருந்தாது. பெரிய நிறுவனங்கள் உதிரிகளை லட்சக்கணக்கில் வாங்குகின்றன. அந்த விலைக்கு நமக்கு ஒரு ப்ராசசரும் ஒரு போர்டும் கிடைக்காது. விண்டோஸ் உரிமத்தையும் அவை மிகக் குறைந்த விலைக்குப் பெறுகின்றன. கொட்டேஷன்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு இங்கேதான். கம்பெனி செட்டின் விலையில் பெரும்பாலும் விண்டோஸ் அடக்கம். உள்ளூர்க் கொட்டேஷனில் அந்த வரியே இருக்காது. கடைக்காரர் ஏதோ ஒரு பென் டிரைவிலிருந்து போட்டுத் தந்துவிடுவார். திருட்டு விண்டோஸைத் திறக்கப் போடும் சிறு நிரல்கள் முதலில் செய்யச் சொல்வது ஆன்டிவைரஸை நிறுத்துவதை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற நச்சுநிரல் உலகத்தையே உலுக்கியபோது அகப்பட்டவை பெரும்பாலும் புதுப்பிப்பு போடாத இயந்திரங்கள். ஜி.எஸ்.டி. கணக்கை அந்தக் கணினியில் வைத்திருக்கும் வியாபாரி உரிமத்துக்கான பணத்தை மிச்சம் என்று நினைக்கக் கூடாது. உரிமம் வாங்க முடியாதவர் லினக்ஸ் போடலாம். பள்ளிப் பிள்ளைக்கும் இணையம் பார்ப்பவருக்கும் அது தாராளமாகப் போதும். கணக்கு மென்பொருளான டேலி ஓட்டுகிறவருக்கு மட்டும் அந்த வழி எளிதாக இல்லை.

அப்படியானால் அசெம்பிள் செய்வதன் பொருள் எங்கே இருக்கிறது? சுமையில். லாரிக்குச் சொன்னதே இதற்கும்.

எங்கள் பகுதி ஜவ்வரிசி ஆலைகளுக்குப் பக்கத்தில் எடைமேடைகள் உண்டு. கிழங்கு லாரி ஏறி நின்றதும் எடைகாட்டும் பெட்டியிலிருந்து கணினிக்கு எண் வரும். அந்தப் பெட்டி பேசுவது பெரும்பாலும் பழைய சீரியல் போர்ட் வழியாக. ரசீது அடிப்பது டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில். கார்பன் நகல் வேண்டும் என்பதால் அதை இன்னும் யாரும் விடவில்லை. இன்றைய கம்பெனி செட் பலவற்றில் சீரியல் போர்ட்டே கிடையாது. யு.எஸ்.பி. மாற்றி போட்டால் சில நாள் ஓடும், சில நாள் காலையில் 'போர்ட் காணோம்' என்று நிற்கும். வெளியே லாரிகள் வரிசையில் ஹாரன் அடிக்கும். ஆனால் கடையில் தனியாக வாங்கும் மதர்போர்டுகள் பலவற்றில் சீரியல் போர்ட்டுக்கான பின்கள் இன்றும் இருக்கின்றன. சிறு கேபிள் ஒன்று வாங்கி மாட்டினால் முடிந்தது. இந்த வேலைக்கு வேகம் தேவையில்லை, அழகும் தேவையில்லை. தேவை அந்தப் பழைய வாய் ஒன்றுதான். உள்ளூரில் பொருத்திய கணினிதான் அதைத் தருகிறது.

இதற்கு நேர்மாறான சுமை கல்யாண வீடியோ. எடியஸ், பிரீமியர் போன்ற எடிட்டிங் மென்பொருளில் நான்கு கேமராக் காட்சிகளை ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்குக் கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், தாராளமான ரேம் வேண்டும், காட்சிகளைக் கொட்டி வைக்க இரண்டு மூன்று டிஸ்க் வேண்டும். மலிவான கம்பெனி செட்டுகளில் பெரும்பாலும் ஒற்றை ரேம் கட்டைதான் மாட்டியிருக்கும். இரண்டு கட்டைகளாகப் போட்டால் கிடைக்கும் இரட்டைத் தட வேகம் அதில் இல்லை. அதைவிடப் பெரிய இடைஞ்சல், பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். கம்பெனி செட்டில் அது சின்னதாக இருக்கும். கிராஃபிக்ஸ் கார்டைத் தாங்காது. பெரியதாக மாற்றலாம் என்றால் பல மாதிரிகளில் அதன் அளவும் வேறு, போர்டில் செருகும் முனையும் வேறு. கடைச் சரக்கு பொருந்தாது. 1995இல் வந்த ஏ.டி.எக்ஸ். அளவுமுறைதான் உலகம் முழுக்க உதிரிகளை ஒன்றுக்கொன்று பொருத்தமாக்கியது. கம்பெனி செட்டுகளில் பல அந்த அளவுமுறையை விட்டு விலகிச் செய்யப்பட்டவை.

வளர இடம் இருப்பதும் அசெம்பிள் கணினியின் பலம். ப்ராசசரை மாட்டும் ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2017இல் அதன் ரைசன் ப்ராசசர்கள் வந்தபோது வாங்கிய போர்டுகள் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்துவிட்டு 2022இல் வந்த ப்ராசசரை மாட்ட முடிந்தது. ஐந்து ஆண்டு கழித்து ஒரு பாகத்தை மட்டும் மாற்றிப் புது வேகம் பெறுவது சிறு தொழிலுக்குப் பெரிய உதவி. எல்லாச் சாக்கெட்டுகளும் அப்படி நீண்டகாலம் நீடிப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி வெயிலும் மின்சாரமும். கணினியின் விலையைப் பேசும் கட்டுரைகள் பல இவற்றைத் தொடுவதேயில்லை. ஆனால் வாழப்பாடியில் கணினியைக் கொல்வது இவையே. கோடையில் சேலம் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். பாக்கு மண்டியிலும் கிழங்கு மாவு ஆலையிலும் காற்றிலேயே தூசு. பெரிய கேபினெட்டைக் கழற்றி ப்ளோவரால் ஊதிச் சுத்தம் செய்வது ஐந்து நிமிட வேலை. அடக்கமான பெட்டியிலும் ஆல்-இன்-ஒன் திரையின் முதுகிலும் தூசு படிந்தால் திறப்பதே பெரும் பாடு. சூடேறியதும் ப்ராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 'சிஸ்டம் ஸ்லோ ஆயிருச்சு' என்று ஃபார்மட் போடுவார்கள், கோளாறு காற்றாடியில் இருக்கும்.

2012 வாக்கில் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது வெட்டு குறைந்துவிட்டது. ஏற்ற இறக்கம் இருக்கிறது, மழைக்காலத்தில் இடி இருக்கிறது. என் சொந்த அனுபவம் ஒன்று. என் முதல் டிடிபி கணினியை ஒரு கடையில் சொல்லி அசெம்பிள் செய்தேன். ப்ராசசர் நல்லது, ரேம் நல்லது. எஸ்.எம்.பி.எஸ். மட்டும் கேபினெட்டோடு இலவசமாக வந்த ஒன்று. மேலே பெரிய வாட் எண்ணை ஒட்டியிருந்தார்கள். ஐப்பசி மழையில் ஓர் இரவு மின்சாரம் போய்த் திரும்ப வந்தபோது அது போனது. போகும்போது போர்டையும் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. டிஸ்க்கில் ஒரு பள்ளியின் ஆண்டுமலர் முழுதும் இருந்தது. பில்லை எடுத்துப் பார்த்தால் 'கம்ப்யூட்டர் - 1' என்று மட்டும் எழுதியிருந்தது. எந்தப் பாகம் எந்த நிறுவனத்துடையது, வாரண்டி எங்கே கேட்பது, ஒன்றும் அதில் இல்லை. அந்த ஆண்டுமலரை மறுபடி முதலிலிருந்து அடித்தேன்.

அன்றுமுதல் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது எஸ்.எம்.பி.எஸ். பற்றித்தான். ப்ராசசரில் ஒரு படி குறைத்தாலும் அதில் குறைக்காதீர்கள். சுவரில் எர்த்து உண்மையில் வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் பாருங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. விலை மலிந்த யு.பி.எஸ்.கள் தரும் மின்சாரம் மென்மையான அலையாக இருக்காது, தரமான எஸ்.எம்.பி.எஸ்.களில் சில அதை ஏற்காமல் கணினியை அணைத்துவிடும். ஆகவே இரண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

வாரண்டி விஷயத்தில் இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. கம்பெனி செட்டுக்குப் பெரும்பாலும் ஓராண்டு. ஆனால் ஒரே எண்ணுக்குப் போன் செய்தால் போதும், ஆள் வீட்டுக்கு வருவார். அசெம்பிள் கணினியில் பெட்டியோடு வாங்கிய ப்ராசசருக்கு மூன்றாண்டு, நல்ல எஸ்.எஸ்.டி.க்கு மூன்று முதல் ஐந்தாண்டு என்று பாகம் பாகமாக நீண்ட உறுதி உண்டு. எது போயிற்று என்று கண்டுபிடித்துக் கழற்றி எடுத்துக்கொண்டு சேலத்துக்கோ கோவைக்கோ போக வேண்டியவர் நாம். ஊரில் கைதேர்ந்த ஒரு மெக்கானிக் இருந்தால் இந்தப் பாடு அவருடையது. இல்லையென்றால் நீண்ட வாரண்டி காகிதத்தில் மட்டும் இருக்கும்.

மூன்றாவதாக ஒரு வழி இப்போது வேகமாகப் பரவுகிறது. பெங்களூரு, சென்னை அலுவலகங்கள் சில ஆண்டு ஓட்டிவிட்டுக் கழிக்கும் ஆப்டிபிளெக்ஸ், எலைட்டெஸ்க், திங்க்சென்டர் போன்ற கம்பெனி செட்டுகள் செகண்ட்ஸாக வருகின்றன. கட்டுமானம் உறுதியானது, விலை பாதிக்கும் கீழே. மருந்துக்கடை பில்லிங்குக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் இது அருமையான பொருள். இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். அதற்கு முந்தையதை மலிவு என்று வாங்கினால் லினக்ஸுக்கு மட்டுமே ஆகும். இன்னொன்று முன்னே சொன்னதுதான்: அதன் எஸ்.எம்.பி.எஸ். போனால் அதே மாதிரியைத் தேட வேண்டும்.

மடிக்கணினியில் இந்த விவாதத்துக்கே இடமில்லை. அதைப் பொருத்திக்கொள்ள நமக்கு வழியில்லை. ரேமைப் போர்டிலேயே பற்றவைத்து வரும் மாதிரிகளில் பின்னால் கூட்டவும் முடியாது. கல்லூரிக்கும் வேலைக்கும் ஊர் ஊராகப் போகிறவர் வாங்கும்போதே வேண்டிய ரேமோடு வாங்கிவிடட்டும். அரசின் விதியிலும் இந்த வேறுபாடு தெரிந்தது: 2023 ஆகஸ்ட் 3 அன்று மத்திய அரசு மடிக்கணினி, டேப்லெட், ஆல்-இன்-ஒன் முதலியவற்றின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு அறிவித்துப் பின்னர் தளர்த்தியது. அதில் குறிவைக்கப்பட்டவை முழுக் கணினிகள். அசெம்பிள் செய்வோர் வாங்கும் உதிரிகள் அல்ல.

விலையின் ஏற்ற இறக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2021 வாக்கில் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் கிராஃபிக்ஸ் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனதால் அசெம்பிள் செய்கிறவர்கள் திண்டாடினார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தோண்டத் தேவையில்லாத முறைக்கு மாறிய பிறகு அந்த நெருக்கடி தணிந்தது. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்கள் மெமரியை அள்ளத் தொடங்கின. ரேம் விலை சில மாதங்களில் பல மடங்கு ஏறியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், நாம் கடையில் வாங்கும் குரூஷியல் வணிகத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. இப்படிப்பட்ட காலத்தில் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு மெமரி வாங்கி வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களின் செட் சில மாதம் பழைய விலையிலேயே கிடைக்கும். அந்த இடைவெளியில் கம்பெனி செட் வாங்குவதே புத்திசாலித்தனம். அசெம்பிள்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை.

அண்ணன் மகளுக்கு நான் சொன்ன பதில் இது. "உனக்கு அசெம்பிள். பெரிய கேபினெட், நல்ல எஸ்.எம்.பி.எஸ்., ரேமுக்கு ரெண்டு ஸ்லாட் காலியா விட்டு வெச்ச போர்டு. முதல்ல பழைய டிஸ்க்கை வெச்சே ஓட்டு, சீசன் முடிஞ்சு கைல காசு வந்ததும் கூட்டிக்கலாம். உங்கப்பாவோட உரக்கடைக்கு மட்டும் செகண்ட்ஸ்ல ஒரு கம்பெனி செட்." பொருத்திய அன்று கடையில் அவளையும் பக்கத்தில் நிற்க வைத்தேன். ப்ராசசரின் முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் குறியோடு சேர்ப்பதையும், ரேம் கட்டை 'டிக்' என்று உட்காருவதையும் அவளே செய்தாள். கோடையில் அது ஒருமுறை நின்றபோது அவளே திறந்து, ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டி ஓடவைத்தாள். ஒரு கல்யாண ஆல்பம் சொன்ன தேதியில் போய்ச் சேர்ந்தது.

எனவே என் தீர்ப்பு: ஒரே இடத்தில் உட்கார்ந்து சம்பாதிக்கும், தனிச் சுமை தூக்கும் கணினியை, திறந்து பார்க்க ஆள் இருந்தால், கட்டிக்கொள்ளுங்கள். பொது வேலைக்கான, யாரும் திறக்கப் போகாத கணினியை வாங்கிவிடுங்கள். எதைச் செய்தாலும் பில்லில் ஒவ்வொரு பாகத்தின் பெயரும், மாதிரி எண்ணும், சீரியல் எண்ணும், ஜி.எஸ்.டி.யும் தனித்தனி வரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று கடையை விட்டு இறங்கும் முன் படித்துப் பாருங்கள். 'கம்ப்யூட்டர் - 1' என்று மட்டும் இருந்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.